பிள்ளைகளோடு படிப்போம்: விடுபட்ட எழுத்தும் மேலே தொங்கும் கொமாவும்



சென்ற மாதம் வாய்ப்பாடு பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு தாய் கடிதம் போட்டிருக்கிறார். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைக்கிறவர். மகள் நாலாம் வகுப்பு. அந்தக் கடிதத்தின் ஒரு பகுதியை அவருடைய அனுமதியோடு சுருக்கித் தருகிறேன்.

"மகளின் இங்கிலிஷ் கொப்பியில் ரீச்சர் சிவப்புப் பேனையால் நிறையக் கோடு போட்டிருக்கிறா. 'டோன்ட்' எழுதும்போது மேலே ஒரு கொமா போட வேண்டுமாம், பிள்ளை போடவில்லை. ஏன் போட வேண்டும் என்று பிள்ளை என்னைக் கேட்கிறாள். எனக்கு எங்கே தெரியும்? வெள்ளவத்தையில் ஒரு ரியூஷன் வகுப்பில் ஸ்மார்ட் போர்ட் இருக்கிறதாம், அதில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டே இதெல்லாம் படித்துவிடுவார்களாம். காசு கூட. வேறு செலவைக் குறைத்து அனுப்பவோ என்று யோசிக்கிறேன். நீங்கள் சொல்லுங்கோ."

சகோதரி, அந்த முடிவை எடுப்பதற்கு முன் இந்த மாதப் பக்கத்தை ஒருமுறை வாசியுங்கள். அந்தப் பலகை கெட்டது என்று சொல்ல வரவில்லை. நானே அதில் படிப்பித்திருக்கிறேன். அது என்ன செய்கிறது, எதை அது செய்யாது என்று சொன்னால் நீங்களே தீர்மானிக்கலாம்.

முதலில் அந்தக் கொமாவின் கதை.

ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் அடிக்கடி பக்கத்தில் பக்கத்தில் வந்தால், பேசுகிறவர்கள் அவற்றைச் சேர்த்து விழுங்கிவிடுவார்கள். 'டூ நொட்' என்பது 'டோன்ட்' ஆகிறது. 'ஐ ஆம்' என்பது 'ஐம்' ஆகிறது. 'இட் இஸ்' என்பது 'இட்ஸ்' ஆகிறது. எழுதும்போது, எந்த இடத்தில் எழுத்து விடுபட்டதோ அந்த இடத்துக்கு மேலே ஒரு சின்னக் கொமா போடுவார்கள். அதன் பெயர் அப்போஸ்ட்ரபி. பிள்ளைக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாவிட்டால் 'மேல் கொமா' என்றே சொல்லட்டும். இங்கே ஒரு எழுத்து இருந்தது, அதை எடுத்துவிட்டோம் என்பதற்கான அடையாளம் அது. ஐரோப்பாவில் அச்சுப் புத்தகங்கள் பெருகிய 16ஆம் நூற்றாண்டில்தான் இந்தக் குறி ஆங்கிலத்துக்குள் வந்தது.

இது எங்களுக்குப் புதிதா? இல்லவே இல்லை. 'வந்துவிட்டேன்' என்று எழுதுகிறோம், 'வந்திட்டன்' என்று கதைக்கிறோம். 'என்னவென்று' என்று எழுதுகிறோம், 'என்னண்டு' என்று கேட்கிறோம். நாங்கள் விழுங்கியதை எழுத்தில் காட்டுவதில்லை, ஆங்கிலக்காரர் காட்டுகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். வீட்டில் மூத்த பிள்ளை தமிழ் இலக்கணம் படிக்கிறதென்றால் அதைக் கூப்பிட்டுக் கேளுங்கள். மரம், வேர் இரண்டும் சேர்ந்தால் மரவேர். 'ம்' போய்விட்டது. கெடுதல் என்று படித்திருக்கும். 'டோன்ட்' அதே கெடுதல்தான், 'நொட்' என்பதில் உள்ள ஓ என்ற எழுத்து கெட்டது. பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆவது திரிதல். 'வில் நொட்' என்பது 'வோன்ட்' ஆவதும் ஒருவகைத் திரிதல். 'வில்' என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் 'வொல்' என்ற மாதிரி இன்னொரு வடிவம் இருந்தது, அதிலிருந்து வந்த குறுக்கம் இது. அதனால்தான் எழுத்தைக் கூட்டிப் பார்த்தால் கணக்குச் சரிவராது. பிள்ளை "ஏன் வில்ன்ட் என்று வரவில்லை?" என்று கேட்டால் அது கெட்டிக்காரக் கேள்வி. திட்டாதீர்கள்.

எங்கள் நாட்டுப் பாடசாலைகளில் 1990களின் இறுதியில் வந்த கல்விச் சீர்திருத்தத்தோடு முதல் இரண்டு வகுப்புகளிலும் ஆங்கிலம் வாய்ப்பேச்சாகவும் விளையாட்டாகவும் வந்தது. மூன்றாம் வகுப்பில்தான் புத்தகம். பல வருடமாகப் பிள்ளைகளின் கையில் இருந்த அரசாங்க ஆரம்ப வகுப்புப் புத்தகத்தின் பெயர் என்ன தெரியுமா? 'லெட்ஸ் லேர்ன் இங்கிலிஷ்'. அந்த 'லெட்ஸ்' என்பதே ஒரு குறுக்கம், 'லெட் அஸ்'. அட்டையிலேயே மேல் கொமா இருக்கிறது! நானும் எத்தனையோ தரம் அந்தப் புத்தகத்துக்கு உறை போட்டுக் கொடுத்திருக்கிறேன், ஒருநாளும் அதைக் காட்டிப் படிப்பிக்கத் தோன்றவில்லை. வீட்டில் பழைய புத்தகம் கிடந்தால் எடுத்துப் பாருங்கள்.

இனி ஸ்மார்ட் போர்ட்.

அது கரும்பலகையின் அளவில் உள்ள வெள்ளைப் பலகை. கணினியில் உள்ள படம் அதில் விழும். விரலால் தொட்டால், தொட்ட இடம் எது என்று கணினிக்குத் தெரியும். எழுத்தைத் தொட்டு இழுத்தால் எழுத்து கூடவே வரும். கனடாவில் டேவிட் மார்டின், நான்சி நோல்ற்றன் என்ற தம்பதியர் 1987இல் ஆரம்பித்த ஸ்மார்ட் என்ற நிறுவனம் 1991இல் முதல் பலகையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பெயரே இப்போது எல்லாப் பலகைக்கும் பொதுப் பெயராகிவிட்டது. 2000களில் இங்கிலாந்தில் அரசாங்கமே பணம் கொடுத்துப் பாடசாலைகளில் பூட்டியது. இப்போது வருவது பெரும்பாலும் ஒரு பெரிய தொடுதிரை, ரீ.வி மாதிரி.

கொட்டாஞ்சேனையில் நான் சனிக்கிழமைகளில் படிப்பிக்கிற மண்டபத்துக்கு ஒரு நல்ல மனிதரின் உதவியால் பழைய பலகை ஒன்று வந்தது. பிள்ளைகள் 24 பேர். எட்டு வயதிலிருந்து பத்து வயதுவரை. பெரும்பாலும் வடக்கு, கிழக்கிலிருந்து வந்து கொழும்பில் ஒற்றை அறைகளில் இருக்கிற குடும்பங்கள்.

முதல்நாள் செய்தது இதுதான். பலகையில் 'டூ', 'நொட்' என்று இரண்டு சொற்கள். கீழே ஒரு குப்பைக்கூடைப் படம். ஒரு மூலையில் மேல் கொமா. அதைத் தொட்டு இழுத்தால் இன்னொன்று முளைக்கும், எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். பிள்ளை வந்து ஓ என்ற எழுத்தை விரலால் இழுத்துக் கூடையில் போட வேண்டும். கொமாவை இழுத்து அந்த ஓட்டையில் வைக்க வேண்டும். பிறகு இரண்டு சொல்லையும் கிட்டத் தள்ளி ஒட்ட வேண்டும். மண்டபமே கைதட்டியது. எழுத்து கையால் நகர்வதைப் பார்க்கும்போது, கொமா சும்மா போடுகிற புள்ளியல்ல, ஒரு எழுத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது பிள்ளைக்கு உடனே விளங்குகிறது. கரும்பலகையில் ஆயிரம் தரம் சொன்னாலும் அது இவ்வளவு கெதியாக விளங்காது. இந்த ஒரு விடயத்தில் அந்தப் பலகைக்கு நான் முழுப் புள்ளி கொடுப்பேன்.

இன்னொரு விளையாட்டு, எத்தனை எழுத்து கூடைக்குள் போனது என்று எண்ணுவது. 'ஐ ஆம்' என்பதில் ஒன்று. 'லெட் அஸ்' என்பதில் ஒன்று. 'ஐ வில்' என்பது 'ஐல்' ஆகும்போது இரண்டு. 'ஐ ஹாவ்' என்பதிலும் இரண்டு. 'கனொட்' என்பது 'கான்ட்' ஆகும்போதும் இரண்டு: ஒரு என், ஒரு ஓ. இரண்டு போனாலும் மூன்று போனாலும் கொமா ஒன்றுதான். இதை எண்ணிப் பழகிய பிள்ளை கொமாவை இடம் மாற்றிப் போடாது. 'டோன்ட்' எழுதும்போது கொமாவை என் என்ற எழுத்துக்கு முன்னால் போடுவதுதான் பிள்ளைகள் விடுகிற பெரிய பிழை. எழுத்து விடுபட்டது என்னுக்கும் ரீக்கும் நடுவில். அங்கேதான் கொமா.

இங்கே நான் விட்ட ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். ஆங்கிலப் பயிற்சித் தாளில் இருந்த தலைப்பை நான் தமிழாக்கிப் பலகையில் 'காணாமற்போன எழுத்துகள்' என்று பெரிதாகப் போட்டுவிட்டேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெண்பிள்ளை அதை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "ரீச்சர், எங்கட மாமாவும் காணாமற்போனவர். அம்மம்மா படம் வைச்சிருக்கிறா" என்றாள். அழவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். பின்னால் இருந்த இன்னொரு பிள்ளை, "எங்கட அப்பப்பாவும்" என்றது. நான் அந்தச் சொல்லை அழித்துவிட்டு 'விடுபட்ட எழுத்து' என்று எழுதினேன். இரண்டு பிள்ளைகளிடமும் மாமாவின் பெயரையும் அப்பப்பாவின் பெயரையும் கேட்டேன், சொன்னார்கள். பிறகு பாடத்துக்குத் திரும்பினோம். எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும்போது அந்தச் சொல் வெறும் சொல் அல்ல. குப்பைக்கூடைப் படத்தையும் அடுத்த கிழமை மாற்றி ஒரு பெட்டிப் படம் போட்டேன். எழுத்தை எறியவில்லை, எடுத்து வைக்கிறோம். நீட்டி எழுத வேண்டிய நேரத்தில் திருப்பி எடுக்கலாம். பாடத்துக்கும் அதுதான் பொருத்தம் என்று பிறகுதான் விளங்கியது.

சரி, பலகையின் குறைகள். ஒருவர் தொடும்போது 23 பேர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வரிசையில் நின்று தள்ளுப்படுவார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள் முன்னுக்கு ஓடிவரும், கூச்சமுள்ள பிள்ளை ஒரு மணித்தியாலமும் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டுப் போகும். அது படித்ததா இல்லையா என்று ஆருக்கும் தெரியாது. பிள்ளை பலகையைத் தொடுகிறது என்பதற்காகவே படிக்கிறது என்று நினைத்துவிடக்கூடாது. பெரிய ரியூஷன் வகுப்புகளில் 50, 60 பிள்ளைகள் இருந்தால் உங்கள் மகளின் விரல் அந்தப் பலகையில் ஒரு மாதத்தில் எத்தனை தரம் படும் என்று யோசியுங்கள். காசு கொடுக்கப் போகிறீர்களென்றால் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்: ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? என் பிள்ளை எழுதியதை ஆர் பார்த்துத் திருத்துவார்?

இந்தக் குறைக்கு மருந்து மலிவானது. தடித்த, தெளிவான பிளாஸ்டிக் பைல் கவர் ஒன்றுக்குள் வெள்ளைக் கடதாசி ஒன்றை வையுங்கள். வெண்பலகைக்கு எழுதுகிற மார்க்கர் பேனையால் அதன்மேல் எழுதினால் பழந்துணியால் துடைக்கலாம். ஆளுக்கொரு சின்னப் பலகை! 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரம் வெட்டிய காலத்தில் எங்கள் ஸ்மார்ட் போர்ட் வெறும் வெள்ளைச் சுவராக நின்றது. அப்போது இந்தப் பைல் கவர்தான் கைகொடுத்தது. நான் 'டூ நொட்' என்று சொல்வேன், எல்லாரும் 'டோன்ட்' எழுதித் தூக்கிப் பிடிப்பார்கள். ஒரே பார்வையில் 24 பேரின் எழுத்தும் தெரியும். கூச்சப்படுகிற பிள்ளையும் எழுதியே ஆக வேண்டும். மின்சாரம் வந்த பிறகும் அதை நாங்கள் விடவில்லை. இப்போது பலகையில் ஒரு பிள்ளை இழுக்கும்போது மற்றவர்கள் தங்கள் கவரில் எழுதுவார்கள்.

வீட்டில் இதைவிடச் சுலபம். பழைய கலண்டர் மட்டையில் ஒரு எழுத்துக்கு ஒரு சதுரம் வெட்டுங்கள். டி, ஓ, என், ஓ, ரீ. தரையில் வரிசையாக அடுக்குங்கள். மேல் கொமாவுக்கு ஒரு புளியங்கொட்டை, அல்லது சோடாப் போத்தல் மூடி. பிள்ளை இரண்டாவது ஓவை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு அந்த இடத்தில் மூடியை வைக்கட்டும். ஸ்மார்ட் போர்ட் செய்கிறது இதைத்தான். நீங்கள் இடியப்பம் பிழிகிற நேரத்தில் பக்கத்தில் இருந்து பிள்ளை இதைச் செய்யலாம். உங்களுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. "எந்த எழுத்தை எடுத்தாய், ஏன் எடுத்தாய், எங்கே வைத்தாய்?" என்று தமிழில் கேளுங்கள். பிள்ளை உங்களுக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினால் தானாகப் படித்துவிடும்.

ஆங்கிலம் தெரியாது என்று நீங்கள் சொல்வதையும் நான் முழுதாக ஏற்கமாட்டேன். ஒரு சனிக்கிழமை மழைக்கு வெளியில் நின்ற தாய்மாரை உள்ளே கூப்பிட்டேன். 'டோன்ட்' என்ற சொல்லைக் கேட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். ஒரு தாய் சிரித்துக்கொண்டு, "கார்மென்ற்சிலை எட்டு வருசம் அதுதானே கேட்டனாங்கள். டோன்ட் ரோக், டோன்ட் ஸ்ரொப், டோன்ட் கோ" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டோம். அது இரண்டு சொல், நடுவில் ஒரு எழுத்தை எடுத்திருக்கிறார்கள் என்று மட்டும்தான் அவருக்குத் தெரியவில்லை. அன்று அவரும் ஒரு பைல் கவர் வாங்கி எழுதினார்.

இனி நான் மிக முக்கியமென்று நினைக்கிற இடத்துக்கு வருகிறேன். எழுதுவதில் பிழை விட்டால் சிவப்புக் கோடு விழும், அவ்வளவுதான். கேட்பதில் பிழை விட்டால் வாழ்க்கையில் விழும்.

1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு, அடுத்த வருடம் நான் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தேன். காலி வீதியோரம் ஒரு ஒழுங்கையில் அறை. என் தம்பி வெளிநாடு போவதற்கென்று ஒருவரோடு புறப்பட்டு, நடுவழியில் ஒரு நாட்டிலிருந்து ஒரு கடிதம் போட்டான். அதன்பிறகு தகவல் இல்லை. ஆரோ ஒரு வெளிநாட்டு அலுவலகத்தின் தொலைபேசி இலக்கம் தந்தார்கள். கொமினிகேஷன் கடையில் நின்று எடுத்தேன். மீற்றர் ஓடுகிறது, நெஞ்சும் ஓடுகிறது. நான் மனப்பாடம் செய்துகொண்டு போன இரண்டு வசனத்தையும் சொன்னேன். மறுமுனையில் ஒரு பெண் மிக அன்பாகத்தான் பதில் சொன்னார். நான் கேட்டது, தம்பியின் பெயரில் தேடிப்பார்க்கலாம், கடிதம் அனுப்பலாம் என்று. 'கன்' என்றுதான் என் காதில் விழுந்தது. நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். மூன்று மாதம் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒரு அக்கா எனக்காக எடுத்துக் கதைத்தார். அவர்கள் முதலிலேயே 'கான்ட்' என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். தங்களால் முடியாது, வேறு ஓரிடத்தில் கேளுங்கள் என்று. அந்த வேறு இடத்துக்கு நான் மூன்று மாதம் பிந்தி எழுதினேன். தம்பி பற்றிய தகவல் பிறகு கிடைத்தது, நல்ல தகவல்தான், இப்போது அவனுக்குப் பேரப்பிள்ளையும் பிறந்துவிட்டது. ஆனால் அந்த மூன்று மாதத்தில் என் அம்மா பட்ட பாடு எனக்கு மறக்காது. கதைத்த பெண்ணில் குற்றமில்லை. ஒரு ரீ சத்தம், அதுவும் பாதி விழுங்கிய ரீ.

அதனால்தான் சொல்கிறேன், 'கன்' என்பதையும் 'கான்ட்' என்பதையும் பிள்ளைகள் காதால் பிரித்தறிய வேண்டும். தாய்மாரும்தான். கடைசியில் வருகிற ரீயை நம்பாதீர்கள், தொலைபேசியில் அது கேட்காது. நடுவில் உள்ள ஒலியைக் கேளுங்கள். பிரித்தானிய முறையிலும் எங்கள் ஊர் முறையிலும் முடியும் என்கிற 'கன்' குறுகி, மெலிந்து, அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்டு போகும். முடியாது என்கிற 'கா...ன்ட்' நீண்டு, அழுத்தமாக வரும். அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்த நீட்டம் இருக்காது, 'கேன்' மாதிரியே இரண்டும் இருக்கும். அங்கே அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். முடியாது என்பதில்தான் அந்தச் சொல் அழுத்தமாக விழும். சொந்தக்காரர் ரொறன்ரோவில் இருக்கிறவர்கள் தொலைபேசியில் பிள்ளைகளோடு இதைச் செய்து பார்க்கலாம்.

வகுப்பில் இதற்கு ஸ்மார்ட் போர்ட் நன்றாக உதவியது. தொட்டால் குரல் வரும் பொத்தான்கள் இரண்டு. 'கன்' கேட்டால் பிள்ளைகள் எழும்ப வேண்டும், 'கான்ட்' கேட்டால் இருக்க வேண்டும். முதல்நாள் பாதிப் பேர் பிழையாக எழும்பினார்கள். மூன்றாவது கிழமையில் ஒரிருவர்தான். வீட்டில் கைத்தொலைபேசியில் பதிவு செய்து இதையே செய்யலாம். ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் பத்து வசனம் கலந்து பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். வட்ஸ்அப்பில் வாங்கினாலும் போதும்.

அப்படியும் சந்தேகமென்றால் திருப்பிக் கேட்கப் பழக்குங்கள். வெட்கம் வேண்டாம். "சொறி, யெஸ் ஓர் நோ?" இந்த நாலு சொல் போதும். என் வகுப்பில் முதல் மனப்பாடம் இதுதான். 1997இல் எனக்கு இது தெரிந்திருக்கவில்லை.

உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு சொல். தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை. அதனால் எங்கள் வாய்க்கு 'டோன்டு', 'கான்டு' என்று கடைசியில் ஒரு உகரம் தானாக வரும். பிள்ளையை அதற்காகப் பகிடி பண்ணாதீர்கள். 2009ஆம் ஆண்டை அரசாங்கம் ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டாகப் பிரகடனப்படுத்தியபோது, ஆங்கிலத்தை எங்கள் வழியில் பேசுவோம் என்றுதான் பிரசாரம் செய்தார்கள். அந்த ஆண்டு எங்களுக்கு எப்படிப்பட்ட ஆண்டு என்பது வேறு கதை. ஆனால் அந்த வாசகம் சரி. சொல்லப்போனால் 'கான்டு' என்று சொல்கிறவரின் 'முடியாது' எவருக்கும் தெளிவாகக் கேட்கும்!

இன்னும் மூன்று விடயம், கெதியாகச் சொல்லிவிடுகிறேன்.

'ஆர் யூ எ ஸ்ருடன்ட்?' என்று கேட்டால் 'யெஸ், ஐ ஆம்' என்று நீட்டித்தான் சொல்ல வேண்டும். 'யெஸ், ஐம்' என்று நிறுத்தக்கூடாது. வசனத்தின் கடைசியில் நிற்கிறபோது அதைக் குறுக்க முடியாது. ஆனால் 'நோ, ஐம் நொட்' சரி, ஏனென்றால் அங்கே பின்னால் இன்னொரு சொல் இருக்கிறது.

'இட்ஸ்' இரண்டு வகை. 'அது இருக்கிறது' என்ற பொருளில் மேல் கொமா உண்டு. 'அதனுடைய' என்ற பொருளில் கொமா இல்லை. பிள்ளை குழம்பினால் நீட்டி வாசிக்கச் சொல்லுங்கள். 'இட் இஸ்' என்று வாசித்துப் பொருள் வந்தால் கொமா போடு, வராவிட்டால் போடாதே. படித்த பெரியவர்களே கடைப் பலகைகளில் இதைப் பிழையாக எழுதி வைத்திருக்கிறார்கள், வெள்ளவத்தையில் நடந்துபோகும்போது பிள்ளையோடு சேர்ந்து தேடிப் பாருங்கள், நல்ல விளையாட்டு.

மூன்றாவது உங்களுக்கு நேரடியாகத் தேவையானது. எங்கள் வீடுகளில் அலுவலகங்களுக்கும் தூதரகங்களுக்கும் வங்கிக்கும் ஆங்கிலக் கடிதம் எழுதுகிறது ஆர்? பிள்ளைகள்தான். அப்படி எழுதும்போது குறுக்கங்களைப் பாவிக்கக்கூடாது. 'டூ நொட்', 'கனொட்', 'ஐ ஆம்' என்று முழுதாக எழுத வேண்டும். குறுக்கம் கூட்டாளிக்கு எழுதுகிற கடிதத்துக்கும் பேச்சுக்கும் உரியது. கடிதத்தை அனுப்பும்முன் மேல் கொமா எங்காவது இருக்கிறதா என்று நீங்களே விரல் வைத்துப் பார்க்கலாம், அதற்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. இருந்தால் பிள்ளையிடம் காட்டி, பெட்டிக்குள் போட்ட எழுத்தைத் திருப்பி எடுக்கச் சொல்லுங்கள். ஒன்று கவனம்: 'அம்மாவின்' 'அப்பாவின்' என்று உடைமை சொல்கிற இடத்திலும் இதே கொமா வரும், அது குறுக்கமல்ல, அதை எடுக்கக்கூடாது. இதோடு இன்னொன்று. அரச அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று ஆரும் உங்களை வற்புறுத்த முடியாது. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி. தமிழில் எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனைச் சகோதரிக்கு: ரியூஷனுக்கு இப்போது அவசரப்பட வேண்டாம். ஒரு மாதம் மட்டை எழுத்தையும் மூடியையும் வைத்துப் பாருங்கள். பாடசாலையில் ரீச்சரைச் சந்தித்து, சிவப்புக் கோடு எந்தச் சொற்களுக்கு என்று கேட்டு ஒரு துண்டில் எழுதி வாங்குங்கள், அநேகமாகப் பத்துச் சொல்லுக்குள்தான் இருக்கும். அதற்குப் பிறகும் சரிவராவிட்டால் சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு எங்கள் மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். காசு இல்லை. விலாசத்தைத் தனியாகத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பைல் கவர் ஒன்றும் பழந்துணித் துண்டொன்றும் கொண்டுவந்தால் போதும், மார்க்கர் பேனை நாங்கள் தருவோம்.

அடுத்த மாதம், மணிக்கூடு பார்க்கத் தெரியாத பிள்ளைகளைப் பற்றி. பழைய பிஸ்கட் பெட்டி மூடி ஒன்றை எறியாமல் எடுத்து வையுங்கள்.